ஆளைப் பார்த்துப் பிடிக்கும் பொடி

எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் பாட்டிலை மேஜைமேல் வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: “மேடம், இதைக் குடிக்கலாமா?” உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, கிருமி என்றால் இரண்டு மூன்று நாளில் பதில் சொல்லிவிடலாம். “மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடிக்கிறோங்க. அது கெணத்துல எறங்கியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டுவிட்டால்தான் எனக்கு உண்மையான வேலை.

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கிற அந்த மருந்துகளில் ஒன்று அட்ரசின். விதைத்த சில நாட்களுக்குள் மண்ணில் தெளிப்பார்கள். நல்ல மழை பிடித்தால் அதில் ஒரு பங்கு மண்ணில் நிற்காமல் கீழே இறங்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது நம் நாட்டின் ஐ.எஸ். 10500 தரம். அமெரிக்காவில் 3. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தப் பூச்சிக்கொல்லியானாலும் களைக்கொல்லியானாலும் 0.1தான்; அட்ரசின் விற்கவே அங்கே அனுமதி இல்லை. உலக சுகாதார நிறுவனமோ முன்பு 2 என்று சொல்லிவந்து, பிறகு 100 ஆக்கிவிட்டது. ஒரே மருந்துக்கு ஊருக்கு ஒரு கணக்கு. எதை நம்புவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் 0.1ஐக் கண்ணால் பார்க்கிற அளவுக்கு வேலையைச் செய்வோம், அப்புறம் எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

0.1 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை 800க்கு மேல் வரிசையாக நிறுத்துங்கள். அத்தனை லாரிக்கும் சேர்த்து ஒரு கிராம்.

அந்த ஒரு கிராம் தனியாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். கிணற்றுத் தண்ணீரில் மக்கிய இலையும் வேரும் விட்டுப்போன ஹியூமிக் அமிலங்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று சாதாரணமாகவே கரைந்திருக்கும். நாங்கள் தேடுகிற பொருளைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அந்த ஒருவரை மட்டும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும்.

வழக்கமான ஆயுதங்கள் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. கரித்தூள் என்று நாம் சொல்லும் ஆக்டிவேட்டட் கார்பன் அற்புதமான பொருள்தான். ஒரு கிராமின் உள்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர்கூட வரும். ஆனால் அதற்கு ஆள் வேற்றுமை கிடையாது. முதலில் வந்த ஹியூமிக் அமிலம் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிற மருந்துக்கு உட்கார இடமில்லை. ஆர்.ஓ. சவ்வும் அப்படித்தான். எதையும் இன்னதென்று பார்க்காமல் தள்ளிவிட்டு, தள்ளியதையெல்லாம் இன்னும் அடர்த்தியாக்கிக் கழிவுக் குழாயில் விடும். அந்தக் கழிவு போகிற இடம் நம் ஊர் மண்தான் என்பதைப் பற்றி ஆர்.ஓ. விற்பவர்கள் பேசுவதில்லை.

ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கிற பொருளைச் செய்ய முடியுமா? முடியும். அதற்குப் பெயர் மூலக்கூறு அச்சுப் பாலிமர். பழைய சினிமாவில் திருடன் சாவியைச் சோப்புக் கட்டியில் அழுத்தி அச்சு எடுப்பான் அல்லவா, கிட்டத்தட்ட அதே தந்திரம். பிடிக்க வேண்டிய மூலக்கூறைச் சுற்றி பிளாஸ்டிக்கை இறுக வைக்கிறோம். பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுகிறோம். அது இருந்த இடத்தில் அதன் உருவத்திலேயே ஒரு குழி மிஞ்சும். சோப்பில் உருவம் மட்டும்தான் பதியும். இங்கே, அந்த மூலக்கூறின் எந்தப் பக்கத்தில் நைட்ரஜன், எந்தப் பக்கத்தில் ஹைட்ரஜன் என்று பார்த்து, அவற்றைக் கைநீட்டிப் பிடிக்கிற அமிலக் கைகளும் குழிக்குள் சரியான இடத்தில் நிற்கும். தண்ணீரில் அதே மூலக்கூறு வந்தால் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறு ஆள் வந்தால் உருவம் பொருந்தாது, பொருந்தினாலும் பிடி கிடைக்காது.

இந்த யோசனை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு தவறான கொள்கையிலிருந்து பிறந்தது. நம் உடலில் எதிர்ப்புப் புரதங்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு லைனஸ் பாலிங் 1940இல் ஒரு விளக்கம் சொன்னார்: நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் புரதம் மடிந்து, அதன் அச்சை எடுத்துக்கொள்கிறது என்று. அவருடைய மாணவர் ஃபிராங்க் டிக்கி இதைக் கண்ணாடிக்கு உறவான சிலிக்கா ஜெல்லில் செய்துபார்த்தார். மெத்தில் ஆரஞ்சு என்ற சாயத்தையும் அதன் உறவுக்காரச் சாயங்களையும் வைத்து ஜெல்லை உறையவிட்டு, சாயத்தைக் கழுவி எடுத்தார். எந்தச் சாயத்தை வைத்துச் செய்தாரோ அந்தச் சாயத்தையே ஜெல் கூடுதலாகப் பிடித்தது. 1949இல் அதை வெளியிட்டார். உடலில் எதிர்ப்புப் புரதங்கள் அப்படி உருவாவதில்லை, முன்பே இருக்கிற பலவகைச் செல்களிலிருந்து பொருந்துவது தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகிறது என்று பிறகு தெரியவந்தது. பாலிங் சொன்னது தப்பு. டிக்கியின் ஜெல் வேலை செய்தது.

1972இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் இதைப் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தார். 1980களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் மோஸ்பாக் குழு வேலையை எளிதாக்கியது. அச்சு மூலக்கூறை வலுவாகப் பிணைக்க வேண்டாம், ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிப்பே போதும், கலந்து வைத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று காட்டினார்கள். 1993இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவைப் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினுக்கு அச்சு எடுத்த பாலிமர் அது. தியோஃபிலினுக்கும் நம் காப்பியில் இருக்கும் காஃபீனுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கரியணுவும் அதோடு ஒட்டிய மூன்று ஹைட்ரஜனும். அந்தப் பாலிமர் காஃபீனைக் கிட்டத்தட்டச் சீண்டவே இல்லை. தியோஃபிலினை மட்டும் பிடித்தது.

செய்முறை ஒன்றும் மந்திரம் இல்லை. அட்ரசினுக்கே சொல்கிறேன். மூலக்கூறு எண்ணிக்கையில் அட்ரசின் 1 பங்கு, மெதக்ரிலிக் அமிலம் 4 பங்கு. அட்ரசினைப் பிடிக்கும் கைகள் இந்த அமிலத்துடையவை. எல்லாவற்றையும் விறைப்பாகக் கட்டிப்போட எத்திலீன் கிளைக்கால் டைமெதக்ரிலேட் 20 பங்கு. இதைத் தாராளமாகப் போடுவதற்குக் காரணம் உண்டு: பிணைப்பு தளர்வாக இருந்தால் கழுவியதும் குழி சரிந்துவிடும். டொலுவீனிலோ அசிட்டோநைட்ரைலிலோ கரைத்து, வினையைத் தூண்டக் கொஞ்சம் அசோ சேர்மம் போட்டு, நைட்ரஜன் வாயுவை ஊதி ஆக்சிஜனை விரட்டி, கண்ணாடிக் குழாயை மூடி, 60 டிகிரி சூட்டில் ஒரு நாள் விடவேண்டும். மறுநாள் தெளிந்த திரவம் இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உறைந்திருக்கும். குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அகேட் உரலில் போட்டு அரைத்து, சல்லடையில் சலித்து, அசிட்டோனில் கலக்கி நிற்கவிட்டு, படியாமல் மிதக்கும் நுண்தூளை ஊற்றிவிடவேண்டும். அரைக்கும்போது முகக்கவசம் இல்லாமல் யாரையும் நான் உரல் பக்கம் விடுவதில்லை. மெதக்ரிலிக் அமிலத்தின் நெடி கூடத்தை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

அதன் பிறகுதான் பொறுமையைச் சோதிக்கிற கட்டம். பொடியை சாக்ஸ்லெட் என்ற கழுவும் கருவியில் வைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 9க்கு 1 கலந்து, மணிக்கணக்காகக் கழுவுவது. அட்ரசின் வெளியே வருவது நின்றுவிட்டது என்று அளக்கும் கருவி சொல்லும்வரை கழுவ வேண்டும். அது முழுதாக ஒருபோதும் நிற்பதில்லை என்பதே இந்தத் துறையின் பெரிய தலைவலி. கட்டியின் ஆழத்தில் சிக்கிய கொஞ்சம் அட்ரசின் பிறகு எப்போதாவது கசியும். தண்ணீரில் அட்ரசின் இருக்கிறதா என்று பார்க்க வைத்த பொடியே அட்ரசினைக் கசியவிட்டால் விவசாயிக்கு என்ன பதில் சொல்வது?

இதற்கு மாட்ரிட்டில் உள்ள ஆய்வாளர்கள் உட்பட பலர் கையாண்ட வழி எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அட்ரசினுக்குப் பதில் அதன் ஒன்றுவிட்ட சகோதரனான புரொப்பசினை அச்சாக வைப்பது. இரண்டுக்கும் ஒரே வளையம். அட்ரசினில் ஒரு பக்கம் எத்தில், மறுபக்கம் ஐசோபுரொப்பைல். புரொப்பசினில் இரண்டு பக்கமும் ஐசோபுரொப்பைல். புரொப்பசின் குழியில் அட்ரசினும் உட்காரும். கசிந்தால் கசிவது புரொப்பசின். கருவியில் அது வேறு இடத்தில் தெரிவதால் கணக்குக் குழம்பாது.

இதோடு அச்சு வைக்காமல், மற்ற எல்லாம் அதேபடி செய்த இன்னொரு பொடியும் கட்டாயம் இருக்க வேண்டும். குழியில்லாத அந்த வெற்றுப் பொடியும் ஓரளவு அட்ரசினைப் பிடிக்கும், ஏனென்றால் எந்தப் பிளாஸ்டிக்கிலும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள் ஒட்டத்தான் செய்யும். அச்சுப் பொடி பிடித்ததுக்கும் வெற்றுப் பொடி பிடித்ததுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழியின் சம்பாத்தியம். வெற்றுப் பொடிக் கணக்கைக் காட்டாத ஆய்வுக் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

பயன்படுத்துவதைப் பார்க்க இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும். ஊசி போடும் சிரிஞ்சு மாதிரியான சிறு பிளாஸ்டிக் குழாயில், இரண்டு வடிதட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் பொடி. இதை கார்ட்ரிட்ஜ் என்போம். அடியில் வெற்றிடம் கொடுத்து அரை லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. குழிக்குள் மூலக்கூறைப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரே ஹைட்ரஜன் பிணைப்பில் பெரிய ஆள். எல்லாக் கைகளையும் தானே பிடித்துக்கொள்ளும். டொலுவீனில் அருமையாக ஆள் பார்த்துப் பிடித்த பொடி, தண்ணீரில் போட்டதும் சாதாரணப் பிளாஸ்டிக் பொடிபோல எல்லாவற்றையும் ஒட்டவைத்துக்கொள்ளும். மோஸ்பாக்கின் கட்டுரையைப் படித்துவிட்டு நேராகக் கிணற்றுக்குப் போகிறவர்கள் முட்டிக்கொள்கிற இடம் இது.

இதிலிருந்து தப்ப ஒரு சுற்றுவழி. தண்ணீர் முழுதும் இறங்கியதும் கார்ட்ரிட்ஜைக் காற்றிழுத்து நன்றாக உலர்த்துகிறோம். பிறகு டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைக் கொஞ்சம் ஊற்றுகிறோம். தண்ணீர் போய்விட்டதால் கைகள் விடுபட்டு, அட்ரசின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சும்மா ஒட்டிக்கொண்டிருந்த மற்றவை டைகுளோரோமீத்தேனோடு கழன்றுபோகின்றன. கடைசியில் மெத்தனால் ஊற்றி அட்ரசினைக் கிளப்பி, ஆவியாக்கி, அரை மில்லிலிட்டர் ஆக்கினால், அரை லிட்டரில் இருந்தது ஆயிரம் மடங்கு அடர்த்தியாகிவிடும். சாதாரண கார்ட்ரிட்ஜில் இறக்கிய சாறு தேநீர் வடிகட்டிய நீர்போல மஞ்சளாக இருக்கும். கருவியின் வரைபடத்தில் தொடக்கத்திலேயே ஹியூமிக் அமிலம் பெரிய மேடாக எழும்பி, அட்ரசினின் சின்ன முள்ளை விழுங்கிவிடும். அச்சுப் பொடியில் இறக்கிய சாறு நிறமே இல்லாமல் இருக்கும். மேடு இருந்த இடம் சமதரை. நடுவில் அட்ரசின் முள் தனியாக நிற்கும். இந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ரசாயனம் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது.

இத்தகைய கார்ட்ரிட்ஜ்கள் கடையிலேயே கிடைக்கின்றன. கால்நடை மருந்தான கிளென்புடரால், ஃப்ளோரோகுயினலோன் வகை ஆண்டிபயாட்டிக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஏரியில் நீலப்பச்சைப் பாசி கிளப்பும் மைக்ரோசிஸ்டின் நஞ்சுக்கு இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் செர்கே பிலெட்ஸ்கி குழு, எந்தக் கை பொருந்தும் என்று கணினியில் தேடிப்பார்த்துவிட்டுப் பிறகே பாலிமர் செய்தது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் டி. பிரசாத ராவ் குழு மூலக்கூறுக்குப் பதில் யுரேனியம் அயனிக்கே அச்சு எடுத்தது. எல்லாம் அருமையான வேலை.

சரி, கண்டுபிடிப்பது இருக்கட்டும், தண்ணீரைச் சுத்தமாக்க இது உதவுமா? எல்லோரும் கேட்கிற கேள்வி. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை எடுத்துக்கொள்வோம். கழுகு விவகாரத்தில் நமக்குத் தெரிந்த பெயர். இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் மாட்டுக்குக் கொடுப்பதை இந்தியா தடைசெய்தது. மனிதர்களுக்குத் தடையில்லை. முட்டிவலிக்குத் தடவுகிற ஜெல்லில் தோலுக்குள் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் கை கழுவும்போதும் குளிக்கும்போதும் சாக்கடைக்குப் போகிறது. 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை அப்படியே சிங்கில் போட்டால், 5 லட்சம் லிட்டர் தண்ணீரை லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுவரப் போதும். வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இது சரியாகப் போவதில்லை. டைக்ளோஃபெனாக் ஓர் அமிலம் என்பதால், அதைப் பிடிக்கக் காரத்தன்மையுள்ள வினைல்பிரிடின் கைகளை வைத்து அச்சுப் பாலிமர் செய்து, கழிவுநீரிலிருந்து அதை மட்டும் எடுக்கலாம் என்று 2011இல் சீன, ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிடித்ததை மெத்தனாலில் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

ஆனால் வீட்டுக் குழாயில் மாட்டுவதற்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து. ஒரு பொடி ஒரு நஞ்சையும் அதன் நெருங்கிய உறவுகளையும்தான் பிடிக்கும். நம் தண்ணீரில் எத்தனையோ இருக்கின்றன. அச்சு எடுக்கவே அந்த நஞ்சு கிராம் கணக்கில் வேண்டும். கழுவக் கரைப்பான் வேண்டும், கழுவிய கரைப்பானில் நஞ்சு அப்படியே இருக்கும், அதை எரித்து முடிக்கவும் ஓர் உலை வேண்டும். நஞ்சு எங்கும் மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. ‘மூலக்கூறு தொழில்நுட்பம்’ என்று அட்டையில் அச்சிட்டு யாராவது ஃபில்டர் விற்க வந்தால், எந்த மூலக்கூறுக்கு என்று கேளுங்கள். பதில் வராது.

இது பொருந்துகிற இடம் வேறு. ஹைதராபாத்தை ஒட்டிய படான்செருவில், 2007 வாக்கில் ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழு அங்கே சுத்திகரித்து வெளியேறும் நீரை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டது. சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. இது மைக்ரோகிராம் கணக்கே இல்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். ஒரு நாளுக்கு 15 லட்சம் லிட்டர் என்று வைத்தால் சுமார் 45 கிலோ ஆண்டிபயாட்டிக். அந்த நீரில் வாழப் பழகிய கிருமிக்கு நாம் விழுங்கும் மாத்திரை என்ன செய்யும்?

ஒரு கிராம் பாலிமர் 50 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாகவே கணக்கு வைத்தாலும், அந்த 45 கிலோவுக்கு நாளொன்றுக்கு 900 கிலோ பொடி வேண்டும். நடக்கிற காரியம் இல்லை. பெரும்பங்கை ஆலைக்குள்ளேயே, மற்ற கழிவோடு கலப்பதற்கு முன்பு, வழக்கமான முறைகளில் பிரித்தெடுத்துவிட வேண்டும். அதற்கும் தப்பிக் கடைசியில் நிற்கிற மைக்ரோகிராம் மிச்சத்தைத் தேடிப் பிடிக்கத்தான் அச்சுப் பாலிமர். தான் என்ன மருந்து தயாரிக்கிறது என்று ஆலைக்குத் தெரியும். எதற்கு அச்சு எடுக்க வேண்டும் என்ற குழப்பம் இல்லை. அச்சுக்கு வேண்டிய மருந்தும் அங்கேயே கிடங்கில் இருக்கிறது. வெளியேறும் நீரில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளக்கவும் அதே பொடியே உதவும்.

ஆலைகள் ஏன் செய்யவில்லை என்றால், செய்யச் சொல்லிச் சட்டம் இல்லை. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் 121 ஆண்டிபயாட்டிக்குகளுக்கு, கழிவில் எவ்வளவு இருக்கலாம் என்று தனித்தனி வரம்பு இருந்தது. 2021இல் வந்த இறுதி அறிவிப்பில் அந்தப் பட்டியல் இல்லை. வரம்பு எழுதாத பொருளை அளந்து சொல்லும்படி எந்த ஆலையும் எங்களிடம் பாட்டில் அனுப்பப்போவதில்லை. அந்த 121 பெயர்களையும் அவற்றுக்கு எதிரே இருந்த எண்களையும் அமைச்சகம் திரும்பச் சேர்க்க வேண்டும்.